கோழிக் கூளம் தீவனமாகும் முன்

தாயி,

படிப்பை முடித்த கையோடு சாத்தூர்ப் பக்கம் நாலு மாடும் கொஞ்சம் வெள்ளாடும் வாங்கிக் கட்டிவிட்டாய் என்று உன் அப்பன் சொன்னான். சந்தோசம். பக்கத்துத் தோட்டத்தில் உன் மாமன் வைத்திருப்பது கறிக்கோழிக் கொட்டகை. சித்திரை பிறந்துவிட்டால் நம் கரிசல் காட்டில் மாடு கடிக்க ஒரு பச்சை இருக்காது. அந்தக் கொட்டகையிலோ ஒவ்வொரு பேட்ச் கோழி போனதும் எச்சமும் படுக்கையும் கலந்த கூளம் வண்டி வண்டியாகக் குவியும். அதைப் புளிக்க வைத்து மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டாய். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பது உன் கணக்கு. போடலாம். ஆனால் சட்டியில் போட்டு மூடிவிட்டு மறந்துவிடுகிற வேலை இல்லை இது. கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்த காலத்தில் கண்டதையும், பெரிய மருத்துவர்கள் சொல்லித் தந்ததையும் வரிசை போட்டு எழுதுகிறேன். நிதானமாகப் படி.

1. கூளத்தைக் கேவலமாகவும் பார்க்காதே, அதிசயமாகவும் பார்க்காதே. கோழிக்குச் சிறுநீர் தனியாகப் பிரிவதில்லை. எச்சத்தோடு யூரிக் அமிலமாக வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் உலர்ந்த கூளத்தைச் சோதித்தால் புரதம் 20 முதல் 30 சதவீதம் வரை காட்டும். வைக்கோலில் 3, 4 சதவீதம்தான். எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதே. அதில் ஏறக்குறைய பாதி உண்மையான புரதமே இல்லை, யூரிக் அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த தழைச்சத்தும். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வளரும். அந்த நுண்ணுயிர்களை மாடு செரித்துக்கொள்ளும். அசைபோடும் பிராணிக்கு மட்டும் கிடைத்த வரம் அது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பிராடி ஆண்டனி என்பவர் 1960களில் மாட்டுச் சாணி 57 பங்கு, அரைத்த காய்ந்த புல் 43 பங்கு என்று கலந்து, காற்றுப் புகாமல் புளிக்க வைத்து, மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்துப் பார்த்தார். வர்ஜீனியாவில் ஃபாண்டெனாட் என்ற அறிஞர் கோழிக் கூளத்தை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்தார். நம் நாட்டிலும் இசத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் கோழி எச்சத்தைத் தீவனமாக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. படித்தவர்கள் பலர் நடந்த பாதைதான். அவர்கள் எந்த இடத்தில் நின்று யோசித்தார்களோ அந்த இடத்தில் நீயும் நில்.

2. புளிப்பு எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்பதை மனப்பாடம் செய். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதே. நம் வீட்டு இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே கூட்டத்து நுண்ணுயிர்கள்தான் கூளத்தை அடைத்து வைக்கும் காற்றில்லாத டிரம்முக்குள்ளும் வேலை செய்கின்றன. கூளத்தோடு கலக்கும் பச்சைத் தட்டையில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. அந்தப் புளிப்பு ஏற ஏற சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கழிச்சல் கிருமிகள் செத்துக் குறையும். கூளத்தோடு வந்த ஒட்டுண்ணி முட்டைகளும் பெரும்பாலும் கெடும். அதுவரைதான் அதன் கை நீளும். தாமிரம், காரீயம் போன்ற உலோகங்களைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியே இருக்கும். கோழிக்குக் கொடுத்த மருந்துகளின் மிச்சம் முழுதாகப் போகாது. கம்பியும் கண்ணாடியும் கரையாது. செத்த கோழியில் விளைந்த பாட்டுலிசம் நஞ்சு அமிலத்துக்கு அசையாது. ஒரு முறை ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எதைப் போட்டாலும் டிரம் சுத்தமாக்கிவிடும் சார்." அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. நோய்க்கிருமியை டிரம் பார்த்துக்கொள்ளும். மற்ற அத்தனையையும் உள்ளே போகாமல் தடுப்பது உன் கை.

3. செத்த கோழி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கொட்டகையில் தினம் ஒன்றிரண்டு சாகும். சோம்பல்பட்ட வேலையாள் அதை எடுத்துப் புதைக்காமல் கூளத்துக்குள்ளேயே தள்ளிவிடுவான். அழுகும் உடம்பில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சைச் சுரக்கும். அந்தக் கூளத்தைத் தின்ற மாட்டுக்கு முதலில் பின்னங்கால் தளரும், பிறகு படுக்கும், நாக்கை இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளத் தெம்பிருக்காது, கண் மட்டும் விழித்திருக்கும். பிரிட்டன், இஸ்ரேல், பிரேசில் என்று பல நாடுகளில் கோழிக் கூளத்தால் மாடுகள் இப்படி விழுந்திருக்கின்றன. விழுந்த மாட்டை எழுப்புவது பெரும்பாடு. உன் மாமனிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகப் பேசு: செத்த கோழியை அன்றன்றே எடுத்துக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும், அப்படிச் செய்யாத பேட்ச்சின் கூளம் உனக்கு வேண்டாம். சொந்தக்காரர் மனம் நோகுமே என்று வாய் மூடாதே. கோழிக்குக் கழிச்சலோ திடீர்ச் சாவோ வந்த பேட்ச்சின் கூளமும் வேண்டாம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே பறவைக் காய்ச்சல் கண்டதைப் படித்திருப்பாய். கோழியின் நோய் கோழியோடு நிற்கும் என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

4. காந்தம் ஒன்று வாங்கி வை. நம் பக்கத்து மாடுகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. கம்பி மத்தாப்புச் செய்யும் ஊர் இது. ஒடிந்த கம்பி, கழித்த கம்பி, தீபாவளிக்குப் பிள்ளைகள் கொளுத்தி எறிந்த கம்பி எல்லாம் வாய்க்கால் ஓரமும் களத்து மேட்டிலும் கிடக்கும். கொட்டகையிலும் கட்டுக்கம்பி, ஆணி, வலைத் துண்டு இருக்கும். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, ஒரு நாள் அதன் சுவரைத் துளைத்து இதயப் பக்கம் போகும். சிவகாசியை ஒட்டிய ஒரு ஊரில் நல்ல சினைப் பசு முதுகை வளைத்துக்கொண்டு, முழங்கையை அகட்டி நின்றதைப் பார்த்தேன். தாடையின் கீழே நீர் கோத்திருந்தது. மருத்துவர் கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். செத்த பிறகு அறுத்துப் பார்த்ததில் விரல் நீளக் கம்பி. கூளத்தைச் சல்லடையில் சலித்து, காந்தத்தை அதன் மேலே மெதுவாக ஓட்டு. மத்தாப்புக் கம்பி இரும்பு, ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒட்டாது, அதற்குக் கண் வேண்டும். அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதே.

5. பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. கரிசல் மண்ணில் குழி வெட்டித் தீவனம் புதைப்பது நமக்கு ஒத்து வராது. வெயில் ஏறினால் மண் பாளம் பாளமாய் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்றுப் போனால் புளிப்புக்குப் பதில் பூஞ்சைதான் வரும். அதனால் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மோ சைலேஜ் பையோதான் உனக்குச் சரி. டிரம் தேடிப் போனால் சிவகாசி, திருத்தங்கல் பக்கம் பழைய டிரம்மும் சாக்கும் எளிதில் கிடைக்கும். அதில் முன்பு என்ன இருந்தது? பேரியம் நைட்ரேட்டா, அலுமினியப் பொடியா, கந்தகமா, பொட்டாசியம் நைட்ரேட்டா? பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. ஆனால் டிரம்முக்கு ஆயுசு அதிகம். கைமாறிக் கைமாறி வரும். கரையும் பேரியம் உடம்பில் போனால் தசை செயலிழக்கும், நெஞ்சு துடிப்பு தடுமாறும். நைட்ரேட் அதிகமானால் மாட்டின் ரத்தம் பிராணவாயுவைத் தூக்கும் சக்தியை இழக்கும். கழுவினால் போய்விடும் என்று விற்பவர் சொல்வார். நீ கேட்காதே. உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து, இரண்டு மடங்கு விலை சொன்னாலும் அதையே வாங்கு. கோழிக்குப் படுக்கை போடும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். நெல் உமி, கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு இருந்தால் நல்லது. அச்சகத்துக் கத்தரிப்புக் காகிதமும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத மரத்தூளும் வேண்டவே வேண்டாம்.

6. கூட்டுவதைக் கையால் பழகு. மக்காச்சோளம் பால் பிடித்துக் கெட்டியாகும் பருவத்தில் அறுத்த பச்சைத் தட்டை உத்தமம். கதிர் சரியாகப் பிடிக்காமல் போன தட்டைக்கும் இது நல்ல கதி. ஒரு அங்குலத்துக்குள் நறுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூளம் போகக் கூடாது. கூளத்தைச் சுரண்டும்போது தரை மண்ணையும் சேர்த்து அள்ளாதே. மண் கலந்தால் சாம்பல் சத்து ஏறும், அது 28 சதவீதத்தைத் தாண்டினால் தீவனத்துக்கே ஆகாது. தட்டை காய்ந்திருந்தால் வெல்லப் பாகுக் கழிவு கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளி. புளிக்கும் நுண்ணுயிருக்குச் சர்க்கரை வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்து போனால் போதாது. உருண்டை நின்று மெல்ல விரிந்தால் சரி. அடுக்கடுக்காகப் போட்டு மிதி. மிதித்த பிறகும் மிதி. காற்றை வெளியேற்றுவதில்தான் இந்தத் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூடியில் களிமண்ணோ டேப்போ போட்டு அடை.

7. திறக்க அவசரப்படாதே. மூன்று வாரத்தில் புளித்துவிடும் என்று புத்தகம் சொல்லும். நீ ஆறு வாரம் பொறு. மாடு பட்டினி நிற்கும்போது பொறுப்பது கஷ்டம், தெரியும். அதனால்தான் தை, மாசியில் தட்டை இருக்கும்போதே டிரம்மை நிரப்பி வைக்கச் சொல்கிறேன். பங்குனிக்குப் பிறகு யோசிப்பவருக்கு இது கைகொடுக்காது. திறந்ததும் மூக்கை நம்பு. புளித்த, கொஞ்சம் இனிப்பான மணம் வர வேண்டும். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தாலோ, கெட்ட வெண்ணெய் நாற்றம் அடித்தாலோ, நிறம் கறுத்து வழவழத்தாலோ, வெள்ளையோ பச்சையோ பூஞ்சை ஓடியிருந்தாலோ முழு டிரம்மும் எருக்குழிக்கு. பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வை; பச்சைத் தட்டை நன்றாகச் சேர்ந்த டிரம்மில் 4.5 பக்கம் காட்டும், 5-க்கு மேலே நின்றால் கொடுக்காதே. மேலாகக் கெட்டிருந்ததை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருந்ததைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதி பிழைத்தது என்று அவர்களுக்கு ஆறுதல். எந்தப் பாதி என்று மாட்டுக்குத்தான் தெரியும்.

8. குவித்து வைத்த கூளம் சூடேறும். டிரம்மில் அடைக்கும்வரை கூளத்தை ஓரிடத்தில் குவிப்பாய். ஈரம் பட்ட குவியல் உள்ளுக்குள் தானே கொதித்து 55, 60 டிகிரிக்குப் போகும். அதற்கு மேலே ஏறினால் சத்து கருகும். இன்னும் ஏறினால் புகைந்து தீப்பிடித்த குவியல்களும் உண்டு. மற்ற ஊராக இருந்தால் ஒரு கூளக்குவியல் எரிந்தது என்று போய்விடும். நம் ஊரில் பக்கத்தில் எந்தக் கொட்டகையில் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆறடிக்கு மேல் குவிக்காதே, மழைநீர் படாமல் மூடு, பட்டாசு அறைகளும் வைக்கோல் போரும் இருக்கும் பக்கம் குவியலே போடாதே. பட்டாசு மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர்! அந்த வீடுகளில் விழுந்த சாவுகளுக்குப் போய் வந்த பிறகு, "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு.

9. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது? வளர்ந்த கிடாரிக்கும், வேலை மாட்டுக்கும் கொடுக்கலாம். கொஞ்சமாக ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பழக்கு. அப்போதும் மொத்தத் தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்குள் நிறுத்து. பெருவயிறு வளராத கன்றுக்கும் குட்டிக்கும் கூடாது. குதிரை, கழுதை பக்கமே கொண்டுபோகாதே. கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமல் கொடுக்கும் மோனென்சின், சாலினோமைசின் மருந்துகளின் மிச்சம் அவற்றுக்கு எமன். செம்மறிக்கு இன்னும் கவனம். கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரம் எச்சத்தில் வந்து, செம்மறியின் ஈரலில் சத்தமில்லாமல் சேரும். வர்ஜீனியா ஆய்வில் கூளம் தின்ற செம்மறிகளே தாமிர நஞ்சால் செத்தன. வெள்ளாட்டுக்கு அந்த அளவு ஆபத்தில்லை. பின்னால் வேம்பூர் பொட்டு ஆடு வாங்கும் எண்ணம் உனக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் செம்மறிதான், அந்த ஆட்டை இந்த டிரம்முக்குப் பழக்காதே. மாதக்கணக்கில் நன்றாக இருந்து, ஒரு நாள் காலையில் காப்பி நிறத்தில் சிறுநீர் விட்டு, கண் மஞ்சளாகி விழும். அன்றைக்கு மருத்துவரை அழைத்தால் காலம் கடந்திருக்கும்.

10. கறவை மாட்டுக்குக் கொடுக்காதே. இதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். கோழிக்குப் போட்ட மருந்தின் மிச்சம் பாலில் இறங்கலாம். நம் மாவட்டத்துப் பால் எங்கே போகிறது என்று நினைத்துப் பார்: குழந்தையின் பால் பாட்டிலுக்கு, டீக்கடைக்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் சட்டிக்கு. இன்னொரு காரணமும் உண்டு. கூளத்தில் கோழி சிந்திய தீவனம் கலந்திருக்கும். கோழித் தீவனத்தில் மாட்டு இறைச்சித்தூளோ எலும்புத்தூளோ இருந்தால் அது சுற்றி வந்து மாட்டின் வாய்க்கே போகும். 1986-ல் பிரிட்டனில் கண்டுபிடித்த பைத்திய மாட்டு நோய் அப்படித்தான், மாட்டின் இறைச்சித்தூளையும் எலும்புத்தூளையும் மாட்டுக்கே தீவனமாக்கியதில் பரவியது. அந்த நோயின் காரணி வேக வைத்தாலே சாகாது, புளிப்பு எம்மாத்திரம்! நம் நாட்டில் அந்த நோய் இல்லை. அது இல்லாமலே இருக்கட்டும் என்றுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜனவரியில் மாடு, ஆடு போன்ற பால், இறைச்சிக் கால்நடைகளுக்கு அத்தகைய தூள் கலந்த தீவனத்தைத் தடுத்தது. கோழிக்கு அந்தத் தடை இல்லாததால், உன் மாமன் வாங்கும் தீவன மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நீதான். சோயா, கடலைப் பிண்ணாக்கு மட்டும் சேர்ந்ததென்று உறுதி கிடைக்காவிட்டால் அந்தக் கூளத்தை வயலில் போடு. அமெரிக்காவிலும் 1967-ல் வேண்டாம் என்றார்கள், 1980-ல் மாநிலங்களின் பொறுப்பில் விட்டார்கள், 2004-ல் மறுபடி தடை போடப் பார்த்துக் கைவிட்டார்கள். இவ்வளவு யோசித்த விசயத்தில் நாம் அலட்சியம் காட்டலாமா?

11. சோதிக்கக் கூச்சப்படாதே. முதல் டிரம்மைத் திறக்கும்போது ஒரு கிலோ மாதிரி எடுத்து நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பு. புரதம், சாம்பல், தாமிரம், அஃப்ளாடாக்சின் நாலையும் பார்க்கச் சொல். கோழி வாங்கும் நிறுவனம் தீவனத்தை மாற்றினால் மறுபடி அனுப்பு. பக்கத்தில் யோசனை கேட்க ராஜபாளையத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. "இவ்வளவு சின்ன விசயத்துக்கா வந்தாய்" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு உட்கார். சின்ன விசயத்தைக் கேட்க வருபவர் குறைவாக இருப்பதால்தான் பெரிய விசயமாகி அவர்களிடம் போகிறது.

12. விற்கும்போது சொல். கிடாரியையோ வெள்ளாட்டையோ இறைச்சிக்கு விற்பதற்கு 15 நாள் முன்பாவது இந்தத் தீவனத்தை முழுதாக நிறுத்திவிடு. வாங்க வருபவரிடம் இன்ன தீவனம் போட்டு வளர்த்தேன், இன்ன தேதியில் நிறுத்தினேன் என்று சொல். சொன்னால் விலை குறைத்துக் கேட்பார்கள். சிலர் முகம் சுளித்துப் போய்விடுவார்கள். போகட்டும், தாயி. டிரம்முக்கு ஒரு நோட்டு வை: எந்தப் பேட்ச் கூளம், எத்தனை கோழி செத்தது, எந்த நாள் அடைத்தது, எந்த மாட்டுக்கு எவ்வளவு. ஒரு மாடு தீவனத்தை விட்டு நின்றால் மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். வீட்டுக்கு இருக்கும் நல்ல பெயரைக் காட்டித் தப்பிக்க முடியாத இடம் அது.

13. மழை பெய்த வருசம் டிரம்மை மூடியே வை. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காக இறங்கி, சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் போராக நின்றால் கூளத்தைத் தீவனமாக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் முதல் வீடு மண். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் நம் கரிசலில் கிடை போட வருவார்கள். ஒரு ராத்திரி ஆடு அடைத்த நிலத்தில் அடுத்த பருத்தி எப்படி நிற்கும் என்று உன் தாத்தா பார்த்துப் பார்த்துப் பூரிப்பார். கோழிக் கூளத்தையும் மக்கவைத்து அப்படி நிலத்துக்கு விடு. ஒரு டிரம், இரண்டு மாடு என்று இந்தத் தையில் தொடங்கு. அடைக்கப் போகும் தேதியை ஒரு வாரம் முன்னால் உன் அப்பனிடம் சொல்லி அனுப்பு; காந்தமும் சல்லடையும் நான் கொண்டு வருகிறேன்.